எடை குறையாதவர்களையும் உணவுப் பற்றாக்குறை நோயாளியாக்குமா?

கேள்வி: மாலைநேரப்பணி

அனைவருக்கும் வணக்கம். நீரிழிவு நோயாளிகளுக்கான புறநோயாளர் பிரிவு ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். மருத்துவர் மருந்தை எழுதிக் கொடுத்த பிறகு, எதை உண்ணலாம், எதைக் குறைக்க வேண்டும், இன்சுலினை எந்த நேரத்தில் போட்டுக்கொள்ள வேண்டும் என்பதை நோயாளியுடன் உட்கார்ந்து விளக்குவது என் வேலை. அந்த வேலையைச் சரியாகச் செய்து வருகிறேன் என்றுதான் சில வாரங்களுக்கு முன்புவரை நினைத்திருந்தேன்.

ஐம்பது வயதை நெருங்கும் ஒரு பெண்மணி எங்களிடம் தொடர்ந்து வருகிறார். உடல் பருமன் உண்டு. அவருடைய இரத்தச் சர்க்கரை அளவுகள் ஒரு வாரம் மிகவும் உயர்ந்தும் அடுத்த வாரம் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தும் இருந்தன. ஒருமுறை மயங்கி விழுந்து அவசரப் பிரிவுக்கும் வந்திருக்கிறார். அவருடைய கோப்பில் 'அறிவுரையைப் பின்பற்றாதவர்' என்று எழுதப்பட்டிருந்தது. நானும் அதை நம்பி, ஒரே உணவுப் பட்டியலை மூன்று முறை அவர் கையில் கொடுத்து, மூன்று முறையும் சற்றுக் கடுமையாகவே பேசினேன். நான்காவது முறை, மற்றவர்கள் எல்லாரும் வெளியே போன பிறகு, அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "சிஸ்டர், இந்தத் தாளில் இருப்பதை வாங்க முடிகிற வாரமும் உண்டு, முடியாத வாரமும் உண்டு. முடியாத வாரத்தில் நான் என்ன செய்ய வேண்டும் என்று இதில் எழுதவில்லையே." என்னிடம் பதில் இல்லை.

அன்று முதல் சில கேள்விகள் என்னை விடாமல் துரத்துகின்றன. உணவுப் பாதுகாப்பின்மை என்று நாம் சொல்வது மெலிந்து வாடியவர்களுக்கு மட்டும் உரியதா, அல்லது பருத்த உடல் உள்ளவரும் அதில் அடங்குவாரா? அது உண்மையிலேயே நோயை உண்டாக்குகிறதா, அல்லது வறுமையின் பல அடையாளங்களில் ஒன்றாக நோயின் பக்கத்தில் நிற்கிறதா? நோயாளியின் மனம் புண்படாமல் இதைக் கேட்டறிய வழி உண்டா? அறிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள், பொறுமையாகப் படிக்கிறேன்.

பதில்: சமூகமருத்துவம்

வணக்கம் சகோதரி. உங்கள் நோயாளி கேட்டது போன்ற ஒரு கேள்வியை மருத்துவக் கல்லூரியில் எங்களிடம் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நாங்கள் வேறு விதமாகப் பயின்றிருப்போம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழில் 'உணவுப் பாதுகாப்பு' என்ற ஒரே தொடரைக் கலப்படமற்ற, கெட்டுப்போகாத உணவு என்ற பொருளிலும், போதிய உணவு தடையின்றிக் கிடைப்பது என்ற பொருளிலும் பயன்படுத்தி வருகிறோம். இதனால் நிறையக் குழப்பம் நேர்கிறது. இங்கே பேசுவது இரண்டாவது பொருளைத்தான். 1996-ஆம் ஆண்டு ரோம் நகரில் நடந்த உலக உணவு மாநாடு, எல்லா மக்களுக்கும் எல்லா நேரங்களிலும், சுறுசுறுப்பான நலவாழ்வுக்குத் தேவையான, போதுமான, பாதுகாப்பான, சத்துள்ள உணவு எட்டும் நிலையில் இருப்பதே உணவுப் பாதுகாப்பு என்று வரையறுத்தது. 'எல்லா நேரங்களிலும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்த வாரம் இருந்து அடுத்த வாரம் இல்லாமல் போவதும் பாதுகாப்பின்மையே.

உங்கள் முதல் கேள்விக்கான விடை, இதை அளக்கும் முறையிலேயே இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பு எட்டுக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வைத்திருக்கிறது. கடந்த 12 மாதங்களில், பணமோ பிற வசதியோ இல்லாத காரணத்தால், உணவு போதாமல் போய்விடுமோ என்று கவலைப்பட்டீர்களா என்பது முதல் கேள்வி. சத்துள்ள உணவை உண்ண முடியாமல் போனதா, ஒரு சில வகை உணவுகளை மட்டுமே உண்ண நேர்ந்ததா என்பவை அடுத்து வருகின்றன. அதன் பிறகுதான் வேளை தவறியதா, வேண்டிய அளவுக்கும் குறைவாக உண்டீர்களா, வீட்டில் உணவு தீர்ந்துபோனதா, பசித்தும் உண்ணாமல் இருந்தீர்களா என்று கேள்விகள் நகர்ந்து, ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருந்தீர்களா என்பதில் முடிகின்றன. ஒரு குடும்பம் சரியும் பாதையை இந்த வரிசையிலேயே காணலாம். முதலில் மன நிம்மதி போகிறது, பிறகு உணவின் தரம் போகிறது, அளவு குறைவது அதற்கும் பிறகுதான். உடல் மெலிவதைப் பார்த்து உணவுப் பற்றாக்குறையைக் கண்டுபிடிக்கக் காத்திருப்பவர், கடைசிப் படியில் நின்றுகொண்டு காத்திருக்கிறார்.

உலகக் கணக்கும் இதையே காட்டுகிறது. 2024-ஆம் ஆண்டில் பசியால் வாடியவர்கள் சுமார் 67.3 கோடி பேர் என்று ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்டுள்ளன. அதே ஆண்டில் மிதமான அல்லது கடுமையான உணவுப் பாதுகாப்பின்மையில் இருந்தவர்கள் ஏறத்தாழ 230 கோடி பேர். இந்த இரண்டு எண்களுக்கும் இடையில் நிற்கும் பெருங்கூட்டத்தில் உங்கள் நோயாளியும் ஒருவர்.

இனி உடலுக்குள் நடப்பதைப் பார்ப்போம். கையில் பணம் குறையும்போது மனிதர்கள் வயிற்றை நிரப்புவதைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது இயல்பு, அதில் குற்றம் எதுவும் இல்லை. குறைந்த செலவில் அதிக ஆற்றல் தருபவை தீட்டப்பட்ட மாவுப்பொருளும் சர்க்கரையும் எண்ணெயும். புரதமும் காய்கனிகளும் தட்டிலிருந்து முதலில் விலகுகின்றன. இதனால் ஆற்றல் மிகுந்தும், இரும்பு, துத்தநாகம், வைட்டமின் ஏ போன்றவை குறைந்தும் உடல் இருக்கும். பருமனும் இரத்தசோகையும் ஒரே உடலில், சில வேளைகளில் ஒரே வீட்டில் தாயிடமும் குழந்தையிடமும் சேர்ந்து காணப்படுவது இப்படித்தான். இதனோடு, இல்லாத நாட்களில் ஒடுங்கியிருந்து, கிடைத்த நாட்களில் சற்று அதிகமாகவே உண்ணும் சுழற்சியும் சேர்கிறது. நாளை என்ன ஆகும் என்ற ஓயாத கவலை கார்ட்டிசோல் போன்ற ஹார்மோன்களின் வழியாகச் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் தொடுகிறது.

நீரிழிவில் இது உயிருக்கே ஆபத்தாக முடிகிறது. இன்சுலினும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரைகளும், உணவு வரும் என்ற நம்பிக்கையில் கொடுக்கப்படுபவை. உணவு வராத நாளில் அவை இருக்கும் சர்க்கரையையும் இறக்கிவிடும். கலிஃபோர்னியாவில் மருத்துவமனைச் சேர்க்கைகளை ஆராய்ந்து 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், வருவாய் குறைந்த மக்களிடையே இரத்தச் சர்க்கரைத் தாழ்வுக்கான சேர்க்கை, மாதத்தின் முதல் வாரத்தைவிடக் கடைசி வாரத்தில் 27 விழுக்காடு அதிகமாக இருந்தது. வருவாய் மிகுந்தவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. மருந்தும் நோயும் மாதம் முழுவதும் ஒன்றாகவே இருக்க, மாறியது கைப்பணம் மட்டுமே. உங்கள் நோயாளி மயங்கி விழுந்தது எந்தத் தேதியில் என்று கோப்பை எடுத்துப் பாருங்கள்.

மருந்தா உணவா என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலையில் மாத்திரையைப் பாதியாக உடைத்து விழுங்குபவர்களையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கொள்பவர்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களில் ஒருவரும் அதைத் தாமாகச் சொன்னதில்லை. 'பின்பற்றாதவர்' என்று கோப்பில் எழுதுவதற்கு முன்னால், பின்பற்றுவதற்கு வழி இருந்ததா என்று கேட்பது மருத்துவரின் கடமை என்றே நான் கருதுகிறேன்.

பதில்: எண்ணியல்மாணவன்

மேலே எழுதிய மருத்துவர் ஐயாவின் விளக்கத்தை மதிக்கிறேன். ஆயினும் இரண்டாவது கேள்வியை அவர் விரைவாகக் கடந்துவிட்டதாகத் தோன்றுகிறது. அது எளிய கேள்வி அல்ல.

உணவுப் பாதுகாப்பற்ற குடும்பங்களில் நீரிழிவும் மனச்சோர்வும் அதிகம் என்று ஓர் ஆய்வு கண்டறிந்தால், அதிலிருந்து உணவுதான் காரணம் என்று உடனே முடிவு செய்ய முடியாது. அதே குடும்பங்கள் நெரிசலான வீட்டில் வாழ்கின்றன, கடுமையான உடலுழைப்பு செய்கின்றன, சரியாக உறங்குவதில்லை, மருத்துவரை எட்டுவதற்கும் வழியில்லாமல் இருக்கின்றன. இவற்றில் எது எவ்வளவு பங்களித்தது என்பதை ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பால் பிரித்துச் சொல்வது கடினம். மேலும், காரணம் எதிர்த்திசையிலும் ஓடக்கூடும். நோய் வந்தவர் வேலையை இழக்கிறார், சிகிச்சைக்குச் செலவழிக்கிறார், அதன் பிறகு அவருடைய வீட்டில் உணவு குறைகிறது. அப்படியானால் எது முந்தியது?

உணவு முக்கியமல்ல என்பது என் வாதம் இல்லை. தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால் தவறான இடத்தில் பணத்தைச் செலவிடுவோம் என்பதே என் கவலை. மாதக் கடைசி பற்றிய அந்த ஆய்வு மட்டும் இந்தக் குறையிலிருந்து பெரும்பாலும் தப்புகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதே வகை மக்களை வேறு வேறு வாரங்களில் ஒப்பிடுவதால், வீடும் வேலையும் கல்வியும் அங்கே மாறுவதில்லை. ஆனால் அது ஒரு சில நாட்களில் நேரும் விளைவைத்தான் சொல்கிறது. பல ஆண்டுகள் கழித்து வரும் நோய்களுக்கு இத்தகைய சான்று உண்டா?

பதில்: நெடுங்காலஆய்வு

உண்டு. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

மனிதர்களைப் பட்டினி போட்டு ஆராய்வது அறமாகாது. எனவே வரலாற்றில் தாமாக நேர்ந்த நிகழ்ச்சிகளைத்தான் ஆய்வாளர்கள் தேடிப் போகிறார்கள். 1944–45 குளிர்காலத்தில், செருமானியப் படைகள் உணவுப் போக்குவரத்தைத் தடுத்ததால், நெதர்லாந்தின் மேற்குப் பகுதி நகரங்களில் பஞ்சம் ஏற்பட்டது. ஆம்ஸ்டர்டாமில் ஒருவருக்கான பங்கீடு, 1944 நவம்பர் இறுதியில் நாளொன்றுக்கு 1,000 கலோரிக்கும் கீழே இறங்கி, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஏறத்தாழ 400-க்கும் 800-க்கும் இடையில் நின்றது. 1945 மே மாதம் விடுதலை வந்ததும் உணவு விரைவாகத் திரும்பியது. அதாவது, பஞ்சம் ஒரு குறிப்பிட்ட நாளில் தொடங்கி ஒரு குறிப்பிட்ட நாளில் முடிந்தது. முன்பும் பின்பும் ஓரளவு நன்றாக உண்ட மக்கள் அவர்கள். ஏழை, செல்வர் என்ற வேறுபாடு பெரிதும் பார்க்காமல் அது எல்லாரையும் தாக்கியது. எந்தக் குழந்தை கருவின் எந்த மாதத்தில் பஞ்சத்தைச் சந்தித்தது என்பதைப் பிறந்த தேதியைக் கொண்டே கணக்கிட்டுவிட முடிந்தது. நீங்கள் கேட்ட பிரிப்பு இங்கே கிடைக்கிறது.

அந்தக் குழந்தைகள் நடுவயதை எட்டிய பிறகு ஆராய்ந்தபோது, கருவின் பிற்பகுதி மாதங்களில் பஞ்சத்தைச் சந்தித்தவர்கள் சிறிய எடையுடன் பிறந்திருந்தார்கள் என்பதும், பிற்காலத்தில் அவர்களுடைய உடல் சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்திருந்தது என்பதும் தெரியவந்தது. என்னை இன்றும் அதிர வைப்பது மற்றொரு முடிவு. கருவின் முதல் மாதங்களில் மட்டும் பஞ்சத்தைச் சந்தித்தவர்கள் இயல்பான எடையுடனேயே பிறந்தார்கள். தொட்டிலில் கிடந்த அந்தக் குழந்தைகளைப் பார்த்து ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் இதயத் தமனி நோய் பிற்காலத்தில் அவர்களிடம்தான் அதிகம் காணப்பட்டது. மனச்சிதைவு நோயின் வாய்ப்பும் அவர்களிடம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. எடையைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்று மேலே மருத்துவர் சொன்னதற்கு இதைவிட வலுவான ஆதாரம் எனக்குத் தெரியவில்லை.

போர்க்காலப் பஞ்சத்தை அன்றாட வறுமையோடு ஒப்பிடலாமா என்று நீங்கள் அடுத்துக் கேட்கக்கூடும். அதற்கு வேறொரு சான்று இருக்கிறது. அமெரிக்காவில் வருவாய் குறைந்தோருக்கான உணவு உதவித் திட்டம் 1961-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, ஒவ்வொரு மாவட்டமாகப் பரவி, 1975 வாக்கில் நாடு முழுவதும் எட்டியது. ஒரு மாவட்டத்தில் அது முன்னதாக வந்ததும் மற்றொன்றில் பிந்தியதும் குழந்தைகளின் தேர்வு அல்ல. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்தி 2016-இல் வெளியான ஆய்வு, சிறு வயதில் அத்திட்டத்தின் பயன் எட்டியவர்களிடம், வளர்ந்த பிறகு பருமன், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவற்றின் தொகுப்பு குறைவாக இருந்ததைக் கண்டது.

தொற்றுநோய்களில் கிடைத்த சான்று இன்னும் நேரடியானது. ஜார்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் வீட்டாருக்கு மாதந்தோறும் உணவுப் பொருள்களும் நுண்சத்துகளும் கொடுத்து, கொடுக்காத வீட்டாரோடு ஒப்பிட்ட ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளியாயின. குடும்பத்தாரிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. அங்கே கொடுக்கப்பட்டது தடுப்பூசியும் அல்ல, புது மருந்தும் அல்ல, வெறும் உணவு. நம் மொழி பசியைப் 'பசிப்பிணி' என்று நோயின் பெயரோடு சேர்த்தே வழங்கிவருவதை நான் இதுபோன்ற முடிவுகளைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வதுண்டு.

எதிர்த்திசையில் காரணம் ஓடுவதைப் பற்றிச் சொன்னீர்கள். அதுவும் உண்மையே, முற்றிலும் உண்மை. ஆனால் ஒன்று இருப்பதால் மற்றொன்று இல்லாமல் போவதில்லை. வயிற்றுப்போக்கில் சத்தை இழந்த குழந்தைக்கு எதிர்ப்பாற்றல் குறைகிறது. எதிர்ப்பாற்றல் குறைந்ததால் அடுத்த வயிற்றுப்போக்கு விரைவில் வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் இறப்புகளில் ஏறத்தாழ பாதி ஊட்டக்குறைவோடு தொடர்புடையவை என்று உலகச் சுகாதார அமைப்பு கூறுவது இந்தச் சுழலைக் கணக்கில் கொண்டுதான். சுழலில் முதலில் வந்தது எது என்று தேடுவதைவிட, எந்த இடத்தில் அதை அறுக்கலாம் என்று தேடுவது பயனுள்ளது.

பதில்: எண்ணியல்மாணவன்

மாவட்டம் மாவட்டமாகப் பரவிய திட்டத்தை வைத்துச் செய்த ஆய்வை நான் அறிந்திருக்கவில்லை. அது என் ஐயத்தின் பெரும்பகுதியைத் தீர்க்கிறது. மிக்க நன்றி. உணவின் விளைவு எவ்வளவு பெரியது என்பதில் இன்னும் எச்சரிக்கை வேண்டும் என்றாலும், உணவு ஓர் அடையாளம் மட்டுமே என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

பதில்: பழையவீடு

ஆய்வுகளைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. செவிலியர் அம்மா கேட்ட மூன்றாவது கேள்வியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்தக் கேள்வியின் மறுபக்கத்தில் நான் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இப்போது சமூகப் பணியாளராக இருக்கிறேன்.

என் அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டு, தான் முன்பே சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வார். அது உண்மையல்ல என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரியும். தெரியும் என்று காட்டிக்கொண்டால் அவர் உடைந்துபோவார் என்பதும் தெரியும். ஆகவே நானும் நம்புவதுபோல் இருந்தேன். பற்றாக்குறை உள்ள வீடுகளில் பெரும்பாலும் தாய்தான் முதலில் தன் பங்கைக் குறைத்துக்கொள்கிறார், கடைசிவரை காப்பாற்றப்படுவது குழந்தையின் பங்கு. எனவே குழந்தை நன்றாக இருக்கிறதே என்று பார்த்து வீட்டில் எல்லாரும் உண்கிறார்கள் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அம்மாவுக்கு இரத்தசோகை என்று ஒரு மருத்துவர் சொல்லி, கீரையும் பழமும் சாப்பிடச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு வந்தார். அந்தத் தலையாட்டலை இன்று என் வேலையில் தினமும் பார்க்கிறேன்.

மனத்துக்கு என்ன நேர்கிறது என்பதை ஒருவரும் இங்கே அதிகம் எழுதவில்லை. 1944–45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்செல் கீஸ் என்ற அறிஞர், உடல்நலமுள்ள 36 இளைஞர்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, ஆறு மாத காலம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார் என்று பயிற்சியின்போது படித்தேன். உடல் எடையில் ஏறத்தாழ கால் பங்கை இழந்த அவர்கள் எரிச்சலும் சோர்வும் கொண்டவர்களாக, நட்பையும் பேச்சையும் ஒதுக்கியவர்களாக, நாள் முழுவதும் உணவைப் பற்றியே நினைப்பவர்களாக மாறினார்கள். அவர்களுக்காவது அது என்று முடியும் என்பது தெரிந்திருந்தது. முடியும் நாள் தெரியாத ஒரு தாயிடம், 'ஏன் இவ்வளவு எரிந்து விழுகிறீர்கள், மனத்தை அமைதியாக வைத்துக்கொள்ளுங்கள்' என்று அறிவுரை சொல்வது எவ்வளவு பெரிய அநீதி என்பதை நினைத்துப் பாருங்கள்.

இனி, எப்படிக் கேட்பது என்பது. குழந்தை மருத்துவத்தில் இரண்டே கேள்விகள் கொண்ட ஒரு முறை வழக்கத்தில் இருக்கிறது. மறுபடி வாங்கப் பணம் வருவதற்குள் உணவு தீர்ந்துவிடுமோ என்று கடந்த 12 மாதங்களில் கவலைப்பட்டதுண்டா, வாங்கிய உணவு போதாமல் போய் மேலும் வாங்கப் பணமில்லாமல் இருந்ததுண்டா என்பவையே அவை. அடிக்கடி, சில வேளைகளில், ஒருபோதும் இல்லை என்ற மூன்றில் ஒன்றைச் சொன்னால் போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2015-இல் இவ்வாறு கேட்கும்படி தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைத்தது. ஆனால் கேள்வியைவிடக் கேட்கும் விதம் பெரிது. ஒருவரை மட்டும் பார்த்துக் கேட்டால், என் உடையைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். வருகிற எல்லாரிடமும் கேளுங்கள், 'இங்கே எல்லாரிடமும் இதைக் கேட்கிறோம், மருந்தின் அளவைச் சரியாக வைக்க இது எங்களுக்குத் தேவை' என்று சொல்லிக் கேளுங்கள். குழந்தைகள் அருகில் இருக்கும்போது வாய்விட்டுக் கேட்க வேண்டாம். தாளில் குறித்துத் தரச் சொல்லலாம். உணவு உதவியோ சமூகப் பணியாளரோ எங்கே கிடைப்பார்கள் என்ற விவரத்தை முன்பே கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையை விரித்தால், அடுத்த முறை அந்தக் கதவு திறக்காது.

பதில்: சமூகமருத்துவம்

மேலே எழுதியவருக்கு என் வணக்கங்கள். சகோதரிக்கு ஒன்று மட்டும் சேர்க்கிறேன். விடை 'ஆம்' என்று வந்தால் அதை மருத்துவரிடம் உடனே கொண்டு செல்லுங்கள். உணவு நிச்சயமில்லாதவருக்குச் சர்க்கரைத் தாழ்வை எளிதில் உண்டாக்காத மருந்துக்கு மாற்ற முடியுமா, இலக்கைச் சற்றுத் தளர்த்தலாமா என்று அவர் யோசிக்க வேண்டும். வேளை தவறினால் உணவு நேர இன்சுலினை என்ன செய்வது, நாள் முழுவதும் மெல்ல வேலை செய்யும் அடிப்படை இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை நோயாளிக்கு ஏற்றபடி அவரே எழுதித் தர வேண்டும். நோயாளி தாமாக இன்சுலினை அடியோடு நிறுத்திவிடுவதும் ஆபத்து. அந்த அம்மையார் கேட்ட, தாளில் இல்லாத வரி அதுதான்.

மாலைநேரப்பணி

எல்லாருக்கும் என் நன்றி. கோப்பை எடுத்துப் பார்த்தேன். அவர் மயங்கி விழுந்தது ஒரு மாதத்தின் 28-ஆம் நாள்; அதற்கு முந்தைய இரண்டு தாழ்வுகளும் 25-க்குப் பிறகே நேர்ந்திருக்கின்றன. தேதிகள் மூன்றும் என் கையெழுத்தில்தான் இருந்தன, ஆனால் நான் ஒருமுறையும் அவற்றைச் சேர்த்துப் படித்ததில்லை. நேற்று மருத்துவரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டினேன். அவர் மாத்திரையை மாற்றியதோடு, 'உணவு இல்லாத நாளில்' என்ற தலைப்பில் நான்கு வரிகளைத் தாமே எழுதிக் கொடுத்தார். கோப்பில் இருந்த அந்தச் சொல்லையும் அடித்துவிட்டார். அந்த அம்மையார் வரும் வியாழக்கிழமை வருகிறார். இரண்டு கேள்விகளையும் அன்று காலை முதல் நோயாளியிடமிருந்தே கேட்கத் தொடங்குவதாக இருக்கிறேன்.